பூஞ்சணம் பிடித்த தானியம்

1974 ஆம் ஆண்டு. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் நேரம்.

ராஜஸ்தான் மாநிலத்தின் தெற்கு மூலையில் பான்ஸ்வாடா என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் பக்கத்தில், குஜராத் மாநிலத்தில், பஞ்சமகால் மாவட்டம் இருக்கிறது. இரண்டும் மேடும் குன்றும் நிறைந்த பகுதிகள். பில் என்னும் பழங்குடி மக்கள் இங்கே அதிகம். மானாவாரி விவசாயம்தான் அவர்களின் பிழைப்பு. மக்காச்சோளம்தான் முக்கியப் பயிர். மக்காச்சோள ரொட்டிதான் முக்கிய உணவு.

அந்த ஆண்டு அறுவடை நேரத்தில் எதிர்பாராத மழை பெய்தது. கதிர்கள் நனைந்தன. சரியாகக் காயாத கதிர்களை மக்கள் வீட்டில் சேர்த்து வைத்தார்கள். தானியத்தில் பூஞ்சணம் பிடித்தது. வீட்டில் வேறு தானியம் இல்லை. இருந்ததை அரைத்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள்.

சில வாரங்களில் நோய் தொடங்கியது. முதலில் காய்ச்சல் வந்தது. வாந்தி வந்தது. பசி போயிற்று. பிறகு கண்ணும் உடம்பும் மஞ்சளாயின. வயிற்றில் நீர் கோத்து வயிறு வீங்கியது. ஒரே வீட்டில் பலர் படுத்தார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் இந்த நோய் பரவியது. 397 பேர் நோயுற்றதாகக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 106 பேர் இறந்து போனார்கள்.

அது என்ன நோய்? ஏன் வந்தது?

நாய்கள் காட்டிய வழி

காமாலை வந்தால் பொதுவாக ஒரு கிருமியைச் சந்தேகிப்பார்கள். அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் பரவும் கிருமி அது. ஆனால் இந்தக் கிராமங்களில் ஒரு விஷயம் வித்தியாசமாக இருந்தது. மனிதர்களுக்கு வந்த அதே நேரத்தில் வீட்டு நாய்களுக்கும் காமாலை வந்தது. நாய்களின் வயிறும் வீங்கியது. அவையும் செத்தன.

மனிதர்களுக்குக் காமாலை தரும் அந்தக் கிருமி நாய்களுக்கு வருவதில்லை. அப்படியானால் மனிதர்களுக்கும் நாய்களுக்கும் பொதுவானது எது? ஒரே உணவு. வீட்டில் மிஞ்சிய மக்காச்சோள ரொட்டியைத்தான் நாய்களும் தின்றன.

ஐதராபாத்தில் தேசிய உணவூட்ட நிறுவனம் இருக்கிறது. உணவையும் அதனால் வரும் நோய்களையும் ஆராயும் அரசு நிறுவனம் அது. டாக்டர் கிருஷ்ணமாச்சாரி என்பவரும் அவருடைய குழுவினரும் இந்த நோயை ஆராய்ந்தார்கள். வீடுகளில் இருந்த மக்காச்சோளத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அதில் ஒரு கொடிய நஞ்சு இருந்தது. அந்த நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். 1975 இல் அவர்கள் தங்கள் ஆய்வை உலகுக்கு அறிவித்தார்கள்.

அஃப்ளாடாக்சின் என்றால் என்ன?

பூஞ்சணத்தை எல்லாரும் பார்த்திருப்பார்கள். பழைய ரொட்டியில் வரும். ஈரத் தோலில் வரும். மழைக்காலத்தில் ஊறுகாயின் மேலே படரும். பூஞ்சணத்தில் பல வகைகள் உண்டு. எல்லாம் நஞ்சு தருவதில்லை. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் ஒரு வகை இருக்கிறது. அதன் பெயர் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். இது மண்ணில் வாழ்கிறது. காற்றில் பறந்து வந்து தானியத்தில் ஒட்டுகிறது. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் வளர்கிறது. வளரும்போது தானியத்துக்குள் ஒரு நஞ்சை விடுகிறது. அதுதான் அஃப்ளாடாக்சின். பூஞ்சணத்தின் பெயரிலிருந்தே நஞ்சுக்கும் பெயர் வைத்தார்கள்.

இந்த நஞ்சை முதலில் காட்டிக் கொடுத்தவை வான்கோழிகள். 1960 இல் இங்கிலாந்து நாட்டில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்தன. காரணம் தெரியவில்லை. தீவனத்தைச் சோதித்தார்கள். அதில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு இருந்தது. அந்தப் பிண்ணாக்கில்தான் நஞ்சு இருந்தது.

மக்காச்சோளம், நிலக்கடலை இரண்டிலும் இந்த நஞ்சு அதிகம் வருகிறது. பருத்திக்கொட்டை, மிளகாய் வற்றல், கொப்பரை ஆகியவற்றிலும் வரலாம். நன்றாகக் காயாத எந்தத் தானியத்திலும் வரலாம்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

இன்று நம் நாட்டில் இதற்குச் சட்டப்படி ஓர் அளவு உண்டு. ஒரு கிலோ தானியத்தில் இந்த நஞ்சு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அப்படி 15 பங்குதான் அனுமதி.

1974 இல் அந்தக் கிராமங்களின் மக்காச்சோளத்தில் எவ்வளவு இருந்தது? ஒரு கிலோவில் 6,250 மைக்ரோகிராம் முதல் 15,600 மைக்ரோகிராம் வரை இருந்தது. இன்றைய சட்ட அளவைப் போல 400 மடங்குக்கும் மேல். சில இடங்களில் 1000 மடங்கு.

இவ்வளவு நஞ்சு உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் உடனே கெட்டுவிடும். 1974 இல் நடந்தது அதுதான். 2004 இல் ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டிலும் இதேபோல் நடந்தது. அங்கேயும் மக்காச்சோளம்தான் காரணம். 317 பேர் நோயுற்றார்கள். 125 பேர் இறந்தார்கள்.

ஆனால் இப்படி ஊரே படுத்துக்கொள்வது எப்போதோ ஒரு முறைதான் நடக்கும். எல்லாருக்கும் அது தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பது வேறொன்று. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இந்த நஞ்சு உடம்பில் சேரும். காய்ச்சல் வராது. வாந்தி வராது. பல ஆண்டுகள் ஒன்றும் தெரியாது. பிறகு கல்லீரலில் புற்றுநோய் வரலாம்.

கல்லீரலில் என்ன நடக்கிறது?

வயிற்றின் வலது பக்கம், விலா எலும்புக்கு உள்ளே கல்லீரல் இருக்கிறது. உண்ட உணவின் சத்து ரத்தத்தில் கலந்து முதலில் இங்கேதான் வருகிறது. உடம்புக்கு ஆகாததை மாற்றி வெளியே அனுப்புவதும் கல்லீரலின் வேலை.

அஃப்ளாடாக்சினையும் கல்லீரல் மாற்றப் பார்க்கிறது. ஆனால் இங்கே காரியம் கெட்டுப் போகிறது. மாற்றும்போது அந்த நஞ்சு முன்பைவிடக் கொடியதாக ஆகிறது. கல்லீரலின் உயிரணுக்களுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது.

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் எப்போது வளர வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளை உயிரணுவுக்குள் எழுதி வைத்ததுபோல் இருக்கிறது. அதற்கு மரபணு என்று பெயர்.

எழுத்துக் கற்றவர்களுக்கு இது எளிதில் புரியும். 'நில்' என்று எழுதுங்கள். முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'செல்' என்று எழுதுங்கள். ஓர் எழுத்துதான் மாறியது. பொருள் தலைகீழாகிவிட்டது. இந்த நஞ்சு மரபணுவில் செய்வதும் அதுதான். ஓர் இடத்தில் ஓர் எழுத்தை மாற்றிவிடுகிறது. 'நில்' என்ற கட்டளை கெட்டுப் போகிறது. அந்த உயிரணு நிற்காமல் பெருகுகிறது. அதுதான் புற்றுநோய்.

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் புற்றுநோயை ஆராய ஒரு அமைப்பு இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களை அது முதல் வகையில் சேர்க்கிறது. 1987 இல் அஃப்ளாடாக்சினையும் அந்த வகையில் சேர்த்தது. பீடி, சிகரெட் புகையும் அதே வகையில்தான் இருக்கிறது.

இதனால் யாரும் பயந்துவிட வேண்டாம். ஒரு சொத்தைக் கடலையைத் தெரியாமல் மென்றுவிட்டால் புற்றுநோய் வந்துவிடாது. நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் உண்பதுதான் ஆபத்து. கல்லீரல் புற்றுநோய்க்கு வேறு காரணங்களும் உண்டு. குடிப்பழக்கம் ஒரு காரணம். சில காமாலைக் கிருமிகளும் காரணம்.

இரண்டு பகைவர்கள் சேர்ந்தால்

ஹெபடைடிஸ் பி என்று ஒரு கிருமி உண்டு. இதுவும் கல்லீரலைத் தாக்கும். இது தண்ணீரில் பரவுவதில்லை. ரத்தம் வழியாகவும் உடலுறவு வழியாகவும் பரவும். சுத்தம் செய்யாத ஊசியால் பரவும். தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும் பரவும். சிலருடைய உடம்பில் இது பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் தங்கிவிடும்.

இந்தக் கிருமி தங்கியவர்கள் பூஞ்சண நஞ்சையும் உண்டால் ஆபத்து பல மடங்கு ஆகிறது. கிருமி இல்லாதவர்களைவிடக் கிருமி உள்ளவர்களுக்கு இந்த நஞ்சு சுமார் 30 மடங்கு அதிகமாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிஞர்கள் கணக்கிட்டுள்ளார்கள்.

இந்தக் கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. நம் நாட்டில் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் முதலில் சில இடங்களில் இதைக் கொடுத்தார்கள். 2011 முதல் நாடு முழுவதும் கொடுக்கிறார்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். பிறகு 6, 10, 14 ஆவது வாரங்களில் போட வேண்டும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்குக் காசு கிடையாது. ஆகவே பூஞ்சண நஞ்சிலிருந்து பிள்ளைகளைக் காக்க இந்தத் தடுப்பூசியும் ஒரு வழி.

கழுவினால் போகுமா? வேகவைத்தால் போகுமா?

பலர் இப்படி நினைக்கிறார்கள். பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டால் போதும். கழுவினால் போதும். நெருப்பில் வெந்தால் எல்லாம் போய்விடும்.

இது சரியல்ல. துடைத்தால் மேலே தெரியும் பூஞ்சணம் போகும். உள்ளே இறங்கிய நஞ்சு போகாது. வேகவைத்தால் பூஞ்சணம் செத்துவிடும். நஞ்சு அப்படியே இருக்கும். தண்ணீர் கொதிக்கும் சூடு இந்த நஞ்சை அழிக்கப் போதாது. வறுத்தால் கொஞ்சம் குறையும். முழுவதும் போகாது.

இன்னொன்றும் உண்டு. பார்வைக்கு நன்றாக இருக்கும் தானியத்திலும் சில சமயம் நஞ்சு இருக்கும். இதற்கு நிறம் தெரியாது. ஆகவே வந்த பிறகு போக்குவது கடினம். வராமல் தடுப்பதுதான் வழி.

தடுப்பது எப்படி?

பூஞ்சணத்துக்கு ஈரம் வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் அது வளராது. ஆகவே காயவைப்பதுதான் முதல் வேலை.

மக்காச்சோளக் கதிரை வெறும் மண்ணில் கொட்டக் கூடாது. தார்ப்பாய் அல்லது பாய் விரித்து, அல்லது சிமெண்டுக் களத்தில் காயவைக்க வேண்டும். மழை வந்தால் உடனே மூட வேண்டும். மணியைப் பல்லால் கடித்தால் படக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

நிலக்கடலையை முற்றியதும் பிடுங்கிவிட வேண்டும். முற்றிய காய் மண்ணிலேயே கிடந்தால் பூஞ்சணம் ஏறும். பிடுங்கிய செடிகளைத் தலைகீழாக வைத்து, காய்கள் மேலே தெரியும்படி காயவிட வேண்டும். காயைக் காதருகில் ஆட்டினால் உள்ளே பருப்பு குலுங்கும் சத்தம் கேட்க வேண்டும். தோலை உரிக்க எளிதாக இருக்கும் என்று சிலர் கடலைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரம் பூஞ்சணத்துக்கு விருந்து.

இரண்டாவது வேலை பொறுக்குவது. ஒரு மூட்டையில் எல்லா மணியிலும் நஞ்சு இருப்பதில்லை. சில மணிகளில்தான் மிக அதிகமாக இருக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது, உடைந்தது, பூஞ்சணம் படர்ந்தது ஆகியவற்றை முறத்தில் போட்டுப் பொறுக்கிவிட வேண்டும். கசக்கும் கடலையைத் துப்பிவிட வேண்டும்.

பொறுக்கிய சொத்தையை என்ன செய்வது? பலர் அதைச் செக்குக்கு அனுப்புகிறார்கள். அது தவறு. சொத்தைக் கடலையை ஆட்டினால் நஞ்சு பிண்ணாக்கில் சேரும். சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் வரும். அந்தப் பிண்ணாக்கைத் தின்னும் மாட்டின் பாலிலும் நஞ்சு வரும். அந்தப் பாலைக் குழந்தைகள் குடிப்பார்கள். வாத்துக் குஞ்சுகள் இந்த நஞ்சைக் கொஞ்சமும் தாங்காது. ஆகவே சொத்தையை ஆட்டவும் கூடாது. கால்நடைக்குப் போடவும் கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும்.

மூன்றாவது வேலை பத்திரப்படுத்துவது. மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. பலகை அல்லது கட்டைகள் போட்டு, சுவரில் ஒட்டாமல் அடுக்க வேண்டும். காற்றுப் புகும் சணல் சாக்கு நல்லது. கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். எலியும் பூச்சியும் வராமல் பார்க்க வேண்டும். அவை கடித்த இடத்தில்தான் பூஞ்சணம் எளிதில் நுழையும்.

இதனால் பலன் உண்டா?

உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே ஏழை விவசாயிகள் நிலக்கடலை பயிரிட்டு உண்கிறார்கள். 20 கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 10 கிராமங்களில் மக்களுக்கு இந்த வேலைகளைக் கற்றுக் கொடுத்தார்கள். பாயில் காயவைத்தார்கள். கையால் பொறுக்கினார்கள். சாக்கில் கட்டிக் கட்டை மேல் அடுக்கினார்கள். மற்ற 10 கிராமங்களில் வழக்கம்போல் இருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். கற்றுக் கொண்ட கிராமங்களில் நஞ்சின் அடையாளம் மற்றவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. இந்த ஆய்வு 2005 இல் வெளிவந்தது.

சீனாவில் சிடோங் என்ற பகுதியில் கல்லீரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்தது. அங்கேயும் மக்காச்சோளம்தான் உணவாக இருந்தது. 1980களில் மக்களுக்கு அரிசி கிடைக்கத் தொடங்கியது. மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். பிறகு, தடுப்பூசி போடாத தலைமுறையிலும், இளம் வயதில் கல்லீரல் புற்றுநோயால் இறப்பவர்கள் பல மடங்கு குறைந்தார்கள்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மக்காச்சோளம் கெட்ட உணவு அல்ல. நிலக்கடலையும் கெட்ட உணவு அல்ல. இரண்டும் சத்துள்ளவை. கெட்டுப்போன தானியத்தைத் தவிர வேறு வழியில்லாமல் இருப்பதுதான் கேடு.

வேறு வழி வேண்டும்

1974 இல் அந்தக் கிராம மக்கள் தானியம் கெட்டிருப்பதைப் பார்க்காமலா இருந்தார்கள்? பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதைக் கொட்டிவிட்டால் அடுத்த வேளைக்கு என்ன செய்வது? பசித்த வீட்டில் தானியத்தைக் கொட்ட யாருக்கும் மனம் வராது.

ஆகவே காயவைப்பது ஒவ்வொரு வீட்டின் வேலை. நல்ல தானியம் கிடைக்கச் செய்வது ஊரும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. 2013 இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி தகுதியுள்ள குடும்பங்களில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் பெறும் உரிமை இருக்கிறது. ரேஷன் கடையில் பூஞ்சணம் பிடித்த தானியம் வந்தால் வாய்மூடி வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. மாவட்டத்தில் உள்ள குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஊருக்காக அந்த மனுவை எழுதிக் கொடுக்கலாம்.

ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம் வேண்டும் என்று கிராம சபையில் கேட்கலாம். சில வீடுகள் சேர்ந்து ஒரு தார்ப்பாய் வாங்கலாம். அறுவடை நேரத்தில் மழை வந்தால் அந்தத் தார்ப்பாய் பல உயிர்களைக் காக்கும்.

நினைவில் வைக்க வேண்டியவை

பூஞ்சண நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது.

நன்றாகக் காய்ந்த தானியத்தில் பூஞ்சணம் வளராது.

சொத்தையைப் பொறுக்கிப் புதைக்க வேண்டும். செக்குக்கும் மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது.

குழந்தை பிறந்த அன்றே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும்.

ஒரு வீட்டில் பலருக்கு ஒன்றாகக் காமாலை வந்தால், வயிறு வீங்கினால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். என்ன தானியம் சாப்பிட்டார்கள் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்.